பூசணிக்காய்க்கு அடியில் கிடந்த புத்தகம்

ஜெரோமுக்கு ஒரே பைத்தியம்தான். மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய கொடுமையையும் அது ஒழிந்த கதையையும் பற்றி அந்தக் காலத்தில் அச்சான புத்தகம் எங்கே கிடந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவருடைய பூட்டன் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணைக் காடு கைமாறியபோது காட்டோடு சேர்ந்து கைமாறியவர். அந்தக் கோபம் இவரிடம் அலமாரி அலமாரியாகச் சேர்ந்திருந்தது. தூசி தட்டுவது மட்டும் மனைவி ஜெபராணியின் வேலை.

போத்தனூர் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாகப் படைத்த வாழைத்தார், சேவல், தேங்காய் எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் பொருளைத் தலைக்கு மேல் தூக்கினால், அதை ஆண்டவருக்கே திருப்பிக் கொடுத்ததாக அந்தச் சபையில் அர்த்தம். மறுபடி ஏலம் போடுவார்கள். இந்தத் தடவை குவியலில், ஒரு பூசணிக்காய்க்கு அடியில், ஜெரோம் பல வருஷமாகத் தேடிய புத்தகம் கிடந்தது. அடிமை வியாபாரம் பாவம் என்று மிஷன் அச்சகம் போட்ட தமிழ்ப் பிரசுரம். குருவானவர் குடியிருக்கும் குருமனையைச் சுத்தம் செய்தபோது அகப்பட்டதாம். ஜெரோமுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆனால் ஆசையைக் காட்டினால் தீர்ந்தது. எவன் எதற்கு ஆசைப்படுகிறானோ அதன் விலையை ஏற்றிவிடுவதைத்தான் டேவிட்சன் தன் சபைத் தொண்டாக நினைத்திருந்தார். அதனால் ஜெரோம் பூசணிக்காயை விடாப்பிடியாகக் கேட்டார். டேவிட்சன் ஏற்ற ஏற்ற, யானை விலைக்கு அது ஜெரோம் தலையில் விழுந்தது. சூழ்ச்சி பலித்தது. அடுத்து வந்த புத்தகத்தை வேறு யாரும் சீந்தவில்லை. பையில் மிச்சமிருந்த சில்லறைக்கு ஜெரோம் கேட்டார்.

ஏலம் விட்ட உபதேசியார் மூன்றாம் தரம் சொன்னதும் ஜெரோம் தன்னை மறந்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

சபையே கைதட்டியது. உபதேசியார் கண்கலங்கிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஒரு தரம் என்றார். மனிதரை ஏலம் விடாதே என்று கதறும் புத்தகம் ஒரே நாளில் இரண்டாம் முறை ஏலத்துக்கு வந்தது. டேவிட்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெரோமின் பையில் இருந்த பணத்தைப் பூசணிக்காய் ஏற்கெனவே தின்றுவிட்டது. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, டேவிட்சன் வாயை அடைக்கிற மாதிரி ஒரு விலை எழுந்தது. கேட்டவள் ஜெபராணி. புத்தகம் கைக்கு வந்ததும் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து ஜெரோம் ஆவலோடு கை நீட்டினார்.

"இருங்க. எங்க அப்பாரும் பண்ணையத்துல கடனுக்கு அடைபட்டுக் கெடந்தவருதானுங்க. மொதல்ல நான் படிச்சுப்போட்டுத் தாரேன்."

இத்தனை வருஷம் தூசி தட்டியவளிடம் ஒரு புத்தகத்தையாவது நீட்டி, படித்துப் பார் என்று அவர் சொன்னதில்லை. ஜெரோமுக்கு வெட்கமாகிவிட்டது. பூசணிக்காயைத் தலைக்கு மேல் போய்விடாமல் கவனமாகத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.