நீலச் சட்டைக்காரரின் மூன்று வாக்குறுதிகள்

பேருந்து ஓட்டுநருக்கு அன்று மாலை ஏழு மணிக்குப் பேச்சுத் தேர்வு. நான்கு நிமிடம் தடங்கலில்லாமல் பேசினால் மாலை வகுப்பில் தேர்ச்சி; தேர்ச்சி பெற்றால்தான் பணிமனையில் மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போடலாம். போன முறை ஒரு நிமிடம் பத்து விநாடியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த முறை சீட்டில் வந்த தலைப்பு, சமூக வலைத்தளங்கள் அரசியல் விளம்பரத்தைத் தடை செய்ய வேண்டுமா என்பது. அவருக்கு விழுந்த பக்கம் 'வேண்டாம்'. எட்டு அட்டைகளில் குறிப்பெழுதி எண் போட்டிருந்தார். ஏழாவதில் மட்டும், விளம்பரத்தால் பயனடைந்த ஒருவரின் உதாரணம் பாக்கி.

அதற்கு ஆள் இருந்தார்: மனைவியின் அண்ணன், கடைத்தெருவில் செருப்புக் கடைக்காரர். நகர மன்றத் தேர்தலில் நிற்கும் ஒருவரை மச்சானும் ஓட்டுநரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அந்த ஆள் அறிமுகமானது கைபேசி விளம்பரத்தில்தான்.

வகுப்புக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்து அந்த விளம்பரத்தைக் கேட்டார். மச்சான் பெருமையோடு நீட்டினார்.

"பாருங்க மாப்பிள்ளை. கடைத்தெருவுக்குள்ள கார் வரலாம், வாசல்லயே நிறுத்தலாம்னு சொல்லிட்டாரு."

ஓட்டுநர் இரண்டு முறை படித்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே முகம், அதே நீலச் சட்டை, அதே சிரிப்பு. கீழே மட்டும், கடைத்தெருவில் இனிக் கார் கிடையாது, பேருந்துக்கே தனிப்பாதை என்றிருந்தது.

மச்சான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேர் காதுலயும் பூ சுத்திருக்கான், மாப்பிள்ளை."

ஓட்டுநர் ஏழாவது அட்டையை எடுத்துப் பார்த்தார். கிடைத்த உதாரணம் எதிர் அணிக்கல்லவா உதவும்? மச்சான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, கைபேசியோடு வகுப்புக்கே கிளம்பிவிட்டார்.

வகுப்பில் பேச்சு ஏழாவது அட்டைக்கு வந்ததும் ஓட்டுநர் இரண்டு கைபேசிகளையும் மேசையில் வைத்தார். எதிர் அணியில் இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குத்தான் சார் தடை வேணும்ங்கறேன். எனக்காகவே பேசறீங்களே."

ஓட்டுநரின் அட்டைகள் கைநழுவித் தரையில் சிதறின. அவர் குனியவில்லை.

"தடை போட்டா வீடு வீடா வந்து ரகசியமா சொல்லுவான். எனக்கு ஒண்ணு, மச்சானுக்கு ஒண்ணு. அப்போ எதைப் பக்கத்துல வச்சுப் பார்ப்பீங்க? விளம்பரம் போடட்டும். ஒருத்தருக்குக் காட்டினதை ஊருக்கே காட்டணும், அவ்வளவுதான்."

"எல்லாருக்கும் செருப்புக் கடையில மச்சான் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் தன் கைபேசியைத் துழாவினார். அவருக்கும் நீலச் சட்டை வந்திருந்தது: கடைத்தெருவில் எந்த வண்டியும் வராது, மருத்துவமனை வரை நடைபாதை.

வகுப்பே எழுந்து மேசையைச் சூழ்ந்தது. ஆளாளுக்குக் கைபேசியை நீட்டினார்கள். ஓட்டுநர் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார், நர்ஸோடு மல்லுக்கட்டினார். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

மேசைமேல் கடிகாரம் பதினோரு நிமிடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது நிமிடத்தில் மணியடிக்க வேண்டிய ஆசிரியை, தன் கைபேசியில் நீலச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.