கந்தவுக்குப் பின் ஒரு புள்ளி

நானூற்று அறுபது மணி நேரம் நான் ஒன்றைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரிந்தது. பத்தொன்பது நாள் கழித்து, புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். இடையில் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அபூர்வா மூன்று மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் அலுவலகம் தலைநகரில், மந்திர் மார்க்கில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் பதிவேடு தயாரிக்கிறோம். எத்தனை முறை நின்றார், எந்தக் கட்சியில் நின்றார், எத்தனை வாக்கு வாங்கினார், எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார் அல்லது தோற்றார். நான் பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. எழுதுவதும் கூட்டங்களில் பேசுவதும் அபூர்வாவின் வேலை. இருவருமே ஒப்பந்தத்தில் இருந்தோம். ஒரே ஒரு நிரந்தர இடம் வரப்போகிறது என்றும், தமிழ்நாட்டுப் புத்தகம் வெளிவந்ததும் யாருக்கு என்று முடிவு செய்வதாகவும் இயக்குநர் சந்திரமௌலி சார் சொல்லியிருந்தார்.

அந்தப் புத்தகத்தை எழுதும் பொறுப்பை அபூர்வாவிடம் கொடுத்திருந்தார். அபூர்வாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

அது அவள் குற்றம் என்று நான் சொல்லவில்லை. சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் இந்தியும் சமஸ்கிருதமும். தமிழில் வரும் வேட்பாளர் பட்டியல்களை என்னிடம் கொண்டுவருவாள். நான் படிப்பேன். அவள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்வாள்.

"செல்வி, ஜல்தி ஒரு பக்கம் படிச்சுடேன். இந்த ழ, ள எல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரியறது."

அவள் கேட்டால் மறுக்க முடியாது. என்னைவிட ஒரு வயது பெரியவள், என்னை 'நீ' என்பாள். நான் 'நீங்க' என்பேன். ஒரு முறை சரோஜினி நகர் மார்க்கெட்டில், அவள் வாங்கிய கடையிலேயே, அவள் வாங்கிய அதே குர்த்தாவை வேறு நிறத்தில் வாங்கினேன். அவளுடையதை எங்கே வாங்கினாய் என்று இரண்டு பேர் கேட்டார்கள். என்னுடையதை யாரும் பார்க்கவில்லை. அதை நான் மறுபடி போடவில்லை.

அவளுடைய அப்பா மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் எழுதும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்து ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதிக் கொடுப்பார். அந்தத் தாள்களை அவள் மேசைமேல் திறந்தபடி போட்டுவிட்டுப் போவாள். 'இந்த வாக்கியம் அருமை' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தது. ஒரு நாள் அவள் 'எங்கப்பா' என்று சொன்னதை எண்ணினேன். பதினொரு முறை.

புத்தகத்தின் முதல் அத்தியாயம் வேலங்குளம் தொகுதியின் கே. இராஜமாணிக்கத்தைப் பற்றியது. ஆறு முறை நின்று நான்கு முறை வென்றவர். இப்போதும் சட்டமன்ற உறுப்பினர். நான் வேலங்குளத்துக்காரி. அலுவலகத்தில் 'மதுரைப் பக்கம்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

தொண்ணூற்றாறில் வென்றார். அடுத்து வந்த இரண்டாயிரத்து ஒன்று தேர்தலில்தான் அபூர்வா ஒரு கதையைக் கண்டாள். அந்த ஆண்டின் ஆங்கிலப் பட்டியலில் அவருடைய கட்சியின் வேட்பாளர் கந்தா இராஜமாணிக்கம். கே. இராஜமாணிக்கம் சுயேச்சை, 1,143 வாக்கு, டெபாசிட் போயிற்று. கட்சி வேட்பாளர் 388 வாக்கில் தோற்றார். எங்கள் கணினி நிரல் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஆறு தேர்தல்களிலும் கே. என்று இருந்த பெயர்களை ஒரே ஆளாகச் சேர்த்தது. கந்தாவை வேறு ஆளாக ஒதுக்கியது.

அந்த வெள்ளிக்கிழமை தமிழ்ப் பட்டியலைக் கொண்டுவந்தாள்.

"ஒரு தடவை படி. கன்ஃபர்ம் பண்ணிடலாம்."

"ரெண்டாம் நம்பர், கந்த இராஜமாணிக்கம். ஒம்பதாம் நம்பர், கே இராஜமாணிக்கம், சுயேச்சை."

"அச்சா. ரெண்டு பேர். பாரேன், கட்சி இவருக்கு சீட் குடுக்காம, இதே பேர்ல இன்னொருத்தருக்குக் குடுத்திருக்கு! இவர் கோவிச்சுண்டு தனியா நின்னு, கட்சியையே தோக்கடிச்சுட்டார். என்ன மாதிரி ஒரு ஆள்!"

பட்டியலில் கந்தவுக்குப் பின் ஒரு புள்ளி இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் அது தெரியும். கந்த என்பது பெயர் இல்லை, தலைப்பெழுத்து. கந்தசாமியின் மகன் இராஜமாணிக்கம். அவர்தான் சட்டமன்ற உறுப்பினர். தன் பெயரில் இன்னொருவர் மனு போட்டதைப் பார்த்து, வித்தியாசம் தெரியட்டும் என்று அந்த ஒரு தேர்தலில் மட்டும் கே.யை விட்டு கந்த. என்று போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் எண் டம்மி. எதிர்த்தரப்பார் அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் உள்ள ஒரு சாதாரண ஆளைத் தேடிப்பிடித்து நிறுத்துவார்கள். குழம்பிப்போனவர்கள் அவருக்குக் குத்திவிடுவார்கள். 388 வாக்கில் தோற்ற இடத்தில் 1,143 என்பது என்ன என்று வேலங்குளத்தில் டீக்கடைக்குக் கடை தெரியும்.

புள்ளிக்கு ஒலி இல்லை. நான் இருந்ததைப் படித்தேன். பொய் சொல்லவில்லை. அன்று முழுவதும் இதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் உறுப்பினரின் உதவியாளருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், நமஸ்காரம். டூ தௌசண்ட் ஒன்ல எம்.எல்.ஏ. சார் தோத்துட்டாரா?"

"தோத்தாருமா. அதை எதுக்கு இப்பக் கெளறுறீக?"

"புக்குக்கு சார். சுயேச்சையா?"

"ஆமா, சுயேச்சையாலதான் தோத்தாரு. வேற எவனால தோப்பாரு?"

"தேங்க்ஸ் சார்!" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். சுயேச்சையாக நின்றார் என்று எழுதிக்கொண்டாள். அந்த 'ல' அவள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. நான் தலையைக் குனிந்து எண்களைப் பார்த்தேன்.

மீதி நாட்களில் என் திட்டம் தானாகவே தெளிவாகியது. புத்தகம் சென்னையில் வெளியாகும். முதல் பக்கத்தைப் படிக்கும் முதல் நிருபரே சிரிப்பார். கட்சிக்குத் துரோகம் செய்தவர் என்று எழுதியதற்கு உறுப்பினர் வழக்குப் போடுவார். சந்திரமௌலி சார் அபூர்வாவைக் கூப்பிடுவார். அவள் அழுவாள். அழுதாலும் அவள் அழகாகத்தான் இருப்பாள் என்று தோன்றியது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த இடம் எனக்கு.

இதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். அது எனக்கு நன்றாக வரும்.

புதன்கிழமைக் கூட்டத்தில் நாலு பேர். சந்திரமௌலி சார், அபூர்வா, நான், அச்சு வேலைகளைப் பார்க்கும் மதன். சார் அத்தியாயத்தைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரமாதம்மா. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பதிவேட்ட இப்படிக் கதையாட்டம் யாரும் எழுதினதில்லை."

"எங்கப்பாவும் அதான் சார் சொன்னார்," என்றாள் அபூர்வா.

மதன் மடிக்கணினியைத் திருப்பி அட்டையைக் காட்டினான். கீழே அபூர்வாவின் பெயர் மட்டும் இருந்தது.

"இன்னொரு பேர் வரணும் மதன்," என்றாள். "செல்வியோடது. அவ படிச்சுக் குடுக்கலேன்னா இதுல ஒரு பக்கம்கூட இல்ல. ரெண்டு பேரும் சமமா, ஒரே சைஸ்ல போடுங்கோ."

"அதானே நியாயம்," என்றார் சார்.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். கொடுப்பதுகூட அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்றுதான் நினைத்தேன். யோசிக்காமல், பாதியை எடுத்து நீட்டிவிட்டாள். நானாக இருந்தால் ஒரு எழுத்துகூடக் கொடுத்திருக்க மாட்டேன். அடுத்த நிமிடம் இன்னொன்று புரிந்தது. அட்டையில் என் பெயர் இருந்தால் அந்தப் பிழையும் எனக்குப் பாதி.

"தமிழ்ச்செல்வி ஆர்.னு போட்டா பதிப்பகத்துல திருப்பி அனுப்பிடுவாங்க," என்றான் மதன். "இந்த ஊர்ல சர்நேம் இல்லாம ஒண்ணும் நடக்காது. ஆர்.னா என்னங்க?"

"ஆர். மட்டும் போதும்."

"போதாதுங்க. முழுசாச் சொல்லுங்க, டைப் பண்ணிடறேன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இராஜமாணிக்கம்," என்றேன்.

முதலில் சிரித்தது அபூர்வா. "அரே! நம்ம ஹீரோ பேரு! எம்.எல்.ஏ. பொண்ணா நீ? இத்தனை நாள் சொல்லவே இல்லையே, கள்ளி!"

"அப்ப இன்டர்வ்யூவை இங்கயே எடுத்திருக்கலாம், போன் செலவு மிச்சம்," என்றான் மதன். சாரும் சிரித்தார்.

"எம்.எல்.ஏ. பொண்ணு இல்ல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பிறகு, "முதல் அத்தியாயம் தப்பு சார்" என்றேன்.

சிரிப்பு நின்றது.

கந்தவையும் புள்ளியையும் சொன்னேன். மதனின் பேனாவை வாங்கி ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். போனில் வந்த 'ல'வைச் சொன்னேன். டம்மி என்றால் என்ன என்று சொன்னேன். இவ்வளவு நேரம் தொடர்ந்து அந்த அறையில் நான் பேசியதே இல்லை.

அபூர்வா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதானே படிச்சே," என்றாள். "நான் உன்கிட்டதானே கொண்டுவந்தேன்."

"ஆமா."

"எப்போ கவனிச்சே?"

"படிக்கும்போதே."

அவள் முகத்தைப் பார்த்தேன். பத்தொன்பது நாளாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். அவள் அழவில்லை. மேசைமேல் இருந்த பென்சில் குறிப்புத் தாள்களை மட்டும் ஒன்றுசேர்த்து, கவிழ்த்து வைத்தாள்.

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் குரலில் இப்போது 'அம்மா' இல்லை.

"படிக்கும்போதே தெரிஞ்சும் சொல்லலை. அதை அப்புறம் பேசலாம். இப்போ இதுக்குப் பதில் சொல்லு. நாளைக்குக் காலம்பற அச்சுக்குப் போகணும். ஒரு புள்ளிய வச்சுண்டு நான் அத்தியாயத்தைத் தூக்க முடியாது. புள்ளி அச்சுப் பிழையா இருக்கலாம். அந்த உதவியாளர் போன்ல சொன்னது ரெண்டு விதமாவும் அர்த்தமாறது. ரெண்டாயிரத்து ஒண்ணுல பிரமாணப் பத்திரம்கூடக் கிடையாது, அப்பன் பேரைப் பாக்கறதுக்கு. அந்தச் சுயேச்சை வேற ஆள்னு யார் சொல்றா?"

"ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க சார்."

"ஊர் சொல்றதை அடிக்குறிப்பாப் போட முடியுமா? அந்த ஆளைத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். பேரோட."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. மதன் தட்டச்சு செய்யும் இடத்தில் என் பெயர் பாதியில் நின்றிருந்தது. தமிழ்ச்செல்வி, பிறகு ஓர் இடைவெளி, பிறகு துடிக்கும் கோடு.

அபூர்வா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "செல்வி, வேண்டாம். விடு," என்றாள். தப்பிக்கும் வழியையும் அவளே எனக்குக் கொடுக்கப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் சார்," என்றேன். "அந்த ஆயிரத்து நூத்தி நாப்பத்து மூணு ஓட்டு வாங்கினது எங்க அப்பா."