மூன்றாம் ஓலை

கலியாண அறிவிப்பான ஓலையைக் கிறிஸ்தவக் கோயிலில், தடை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். முதல் ஓலைக்கு ஞானாபரணம் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதற்கும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வாரம் ராயப்பேட்டைக் கோயிலில் போதகர், "சுகிர்தத்துக்கும் மயிலாப்பூர் தானியேலுக்கும் விவாகம் நடக்கத் தடை சொல்கிறவர்கள் இப்பொழுதே சொல்லலாம்" என்றதும், பெண்ணைப் பெற்றவரே எழுந்து நின்றார்.

"தடை இருக்கு, ஐயா."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தெபோராள், தனக்குத்தான் காது சரியில்லையோ என்று நினைத்தாள்.

"போன வருஷம் விஷ ஜுரத்துல கிடந்தப்போ பொருத்தனை பண்ணிட்டேன். பிழைச்சு எழுந்தா மூத்த மகளைக் கலியாணமில்லாம ஊழியத்துக்கே விட்டுடறேன்னு. அப்புறம் மறைச்சுட்டேன். வியாழக்கிழமை மார்வலி வந்தது. கர்த்தர் கேக்கறார்னு புரிஞ்சுது."

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் சுகிர்தம், தாயின் காதோரம்.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பொருத்தனை லேசான காரியமில்லை. வேதத்தில் யெப்தா, யுத்தத்தில் ஜெயிச்சு வந்தா வாசலில் எதிரே வருவதைப் பலி கொடுப்பேன்னு சொன்னான். வந்தது அவனுடைய ஒரே மகள். அந்தப் பெண் மறுப்புச் சொல்லவில்லை."

தெபோராள் எழுந்தாள். பாட்டில் தவிர அந்தக் கோயிலில் பெண்குரல் கேட்டதே கிடையாது.

"அவளைப் பெத்தவ என்ன சொன்னா, ஐயா?"

"தாயைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லையம்மா."

"இல்லாமலா இருந்திருப்பா? யாரும் அவளைக் கேக்கலை. என்னையும் கேக்கலை. ஆனா நான் இங்கே இருக்கேன்."

"உக்காரு தெபோரா," என்றார் ஞானாபரணம்.

"மாட்டேன். எண்ணாகமம் முப்பதாம் அதிகாரத்துல என்ன இருக்கு? ஒரு பொண்ணு பண்ணின பொருத்தனையை அப்பனோ புருஷனோ கேட்ட அன்னிக்கே வேணாம்னா அது செல்லாது. பேசாம இருந்துட்டா நிலைச்சுடும். நான் இன்னிக்குத்தான் கேட்டேன். இன்னிக்கே வேணாங்கறேன்."

"அது ஆண்களுக்குச் சொன்ன சட்டமம்மா."

"பொம்பளை தன்னையே வச்சுப் பண்ற பொருத்தனையையே ஆம்பிளை அழிக்கலாம்னா, மகளை வச்சு இவர் பண்ணினதை நான் அழிக்கக்கூடாதா? இவர் தன்னோடதுன்னு எதை வச்சார்? ஜுரம் இவருக்கு, பிழைச்சது இவர், போறது மட்டும் அவளா? ஊழியத்துக்கு ஆள் வேணும்னா இவரை அனுப்புங்க. சாயங்காலமே பொட்டி கட்டித் தரேன்."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று போதகர் சுகிர்தத்தைக் கேட்டார்.

அவளும் எழுந்து தாயின் பக்கத்தில் நின்றாள். "யெப்தா மக ரெண்டு மாசம் மலைமேல அழுதா, ஐயா. எனக்கு அழுகை வரலை. கோபந்தான் வருது."

போதகர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வேறே தடை உண்டா?"

வேறே யாரும் எழவில்லை. தாயும் மகளும் உட்காரவும் இல்லை. "மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது; விவாகம் நடக்கும்" என்று சொல்லி அவர் பக்கத்தைத் திருப்பினார்.

வெளியே வெயிலில், ஞானாபரணம் செருப்பை மாட்டாமலே மனைவியின் பின்னால் வந்தார்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"இப்ப வலிக்குதா?"

"இல்லை."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டரண்டை நீங்க பேசுங்க. கர்த்தரண்டை நான் பேசிக்கறேன்."