வாயால் வாங்கிய மார்க்

நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிற வாத்தியார்களை நம்பாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரெனிட்டா பத்தாம் வகுப்பில் என் மாணவி. அவள் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். அவளுக்கு எழுத்து என்றாலே கண் முன்னே கலைந்துவிடும். ஒரு வரி எழுதுவதற்குள் மணியடித்துவிடும். ஆனால் கேட்டால் சொல்வாள். அமிலம், காரம் நடத்திய அன்று, இதெல்லாம் எங்கே பயன்படும் என்று கேட்டதற்கு அவள்தான் எழுந்தாள்.

"சுண்ணாம்புல ஊறுன தோலை அப்டியே பதப்படுத்துற க்ரோம்ல போட்டா வீணாப் போய்டும் மிஸ். மொதல்ல உப்பும் ஆசிட்டும் காட்டணும். எங்கப்பா சொல்வாரு."

பாடப் புத்தகத்தில் அவ்வளவு தெளிவு கிடையாது.

அன்றிலிருந்து அவளுக்குப் பரீட்சையை வாயால் வைத்தேன். சாப்பாட்டு வேளையில் ஆய்வகத்தில் எதிரே உட்காரவைத்து, கேள்வி கேட்டு, சொன்ன பதிலுக்கு மார்க் போட்டேன். மற்ற ஆசிரியர்களையும் கெஞ்சி அப்படியே செய்ய வைத்தேன். அறிவியலில் காலாண்டுக்கு அறுபத்தெட்டு, அரையாண்டுக்கு எழுபத்தொன்று. பதிவேட்டில் மார்க்குக்குப் பக்கத்தில் 'வாய்மொழி' என்று ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும். பிள்ளைக்கு முத்திரை குத்தினாற்போல் ஆகிவிடுமே என்று பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கேட்டு விண்ணப்பித்தோம். டாக்டர் சான்றிதழும் வைத்திருந்தோம். கல்வி அலுவலகத்துக்கு நானும் தலைமை ஆசிரியர் சுந்தரமூர்த்தியும் ரெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்.

"எழுத வராத பொண்ணு எழுபத்தொண்ணு எப்டி மேடம் வாங்குச்சு? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துமூலமா விளக்கம் குடுங்க. இல்லன்னா ஆள் கெடையாது."

பள்ளிக்குத் திரும்பியதும் சுந்தரமூர்த்தி என்னைத் தனியே கூப்பிட்டார். "வாயால கேட்டு மார்க் போட்டோம்னு எழுதிக் குடுத்தா பாடம் எடுக்குற அஞ்சு பேருக்கும் மெமோ வரும் டீச்சர். உங்க ப்ரொமோஷனும் போய்டும். யோசிச்சுக்கோங்க."

அன்றே விளக்கத்தை எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை போயிற்று, அது என் கைப்பையிலேயே கிடந்தது. எனக்குப் பயம். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

ரெனிட்டா பரீட்சையில் தனியாகவே உட்கார்ந்து எழுதினாள். அறிவியல் எழுத்துத் தாளில் ஒன்பது மார்க். மற்ற பாடங்களிலும் தேறவில்லை. துணைத்தேர்வு எழுத வரச் சொல்லி இரண்டு முறை ஆளனுப்பினேன், வரவில்லை. எனக்கு மட்டும் பதவி உயர்வு வந்தது.

இரண்டு வருடம் கழித்து அவளைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை, விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவளாகவே கிட்டே வந்தாள்.

"கம்பெனில எல்லாம் வாயாலதான் சொல்றாங்க மிஸ். ஒரு வாட்டி சொன்னாப் போதும், செஞ்சுடுவேன்."

நான் தலையாட்டினேன்.

"ஒண்ணு கேக்கட்டா மிஸ்? நீங்க போட்ட மார்க்கெல்லாம் பாவம் பாத்துப் போட்டதா?"

"சத்தியமா இல்லம்மா. ஒவ்வொரு மார்க்கும் நீ வாங்கினது."

கம்பெனி வண்டி வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பினாள்.

"அப்ப அத அந்த ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே மிஸ்."