மூன்றாம் தரம்

இடது கன்னத்தில் பாதி நுரை மிச்சம் இருந்தபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"திரையை இழுத்து விடு. வாசல்ல வண்டி நின்னுச்சு."

நேத்தா சவரக்கத்தியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். வாசலில் வண்டி எதுவும் இல்லை. தெருவில் இடுப்பளவு பனி கிடந்தது. அதற்கு அப்பால் சுரங்கத்தின் கழிவு மலை காலை வெயிலிலும் கறுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது. அவள் திரையை இழுத்துவிட்டாள்.

"புத்தகமெல்லாம்?"

"மாவுப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன்ப்பா."

"எத்தனை பேரு வந்திருக்காங்க?"

அவள் காலி அறையைப் பார்த்தாள். "நாப்பது இருக்கும்."

அப்பா, கொர்னேலியஸ் டிக், தரையைக் கண்ணால் எண்ணினார். "நாப்பத்திமூணு. தள்ளித் தள்ளி உட்காருங்க. கதவுகிட்ட ரெண்டு பேரு நிக்கிறாங்க பாருங்க. யாக்கோபு, காலை மடக்குடா."

யாக்கோபு சித்தப்பா இறந்து இருபது வருடம் ஆகிறது. நான்கு நாட்களாக இப்படித்தான். ஜெபக்கூட்டம் கூடுவதே குற்றமாக இருந்த காலத்தில் இந்த அறையில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் திரும்ப வந்திருந்தார்கள். அப்பா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். முதல் நாள் நேத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் பயமாக இருந்தது. மூன்றாம் நாள், கையில் சூப் கிண்ணத்தோடு கட்டிலுக்குப் போகும்போது, தான் நேராகப் போகாமல் சுவரோரமாகச் சுற்றிப் போவதைக் கவனித்தாள். யாரையும் மிதித்துவிடக் கூடாது என்பதுபோல.

சவரத்தை முடித்து அவர் முகத்தைத் துடைத்தாள். சமையலறையில் அவள் மகள் எரிகா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காதில் பாட்டு, இன்னொரு காது பக்கத்து வீட்டு ரௌஷானுக்கு. ரௌஷான் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து, அவற்றில் பாதியைத் தானே தின்றுகொண்டிருந்தாள்.

"உங்க தாத்தா என்னைப் பார்த்து, 'சகோதரி மார்கரேத், எப்ப விடுதலை ஆனீங்க'ன்னு கேட்டாருடி. நான் என்னத்தைச் சொல்ல? 'நேத்துதான்'னு சொல்லிட்டேன்."

"ஐயோ ஆன்ட்டி!"

"ரொம்ப சந்தோஷப்பட்டாரு. எனக்கு நெத்தியில முத்தம் வேற. என் புருஷன்கூட இத்தனை வருஷத்துல குடுத்ததில்ல."

நேத்தா சிரித்தாள். மருத்துவமனையிலிருந்து காலையில் வந்துபோன பெண் இன்றோ நாளையோ என்று சொல்லியிருந்தாள். சொல்லவேண்டியதை அப்பாவிடம் சொல்ல நேத்தாவுக்கு இன்றோ நாளையோதான் இருந்தது.

மதியம் சபை மூப்பர் பீட்டர் வீபே வந்தபோது அப்பாவுக்குத் தெளிவு வந்திருந்தது. வீபேக்கு நாற்பது வயது. நல்ல மனிதர், அவசரக்காரர். நானூறு பேருக்காகக் கட்டிய ஜெபவீட்டில் முப்பத்தைந்து பேருக்குப் பிரசங்கம் செய்பவர். மற்றவர்கள் முன்னோர்களின் நாடான ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். போகாமல் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

"சபை எப்படி இருக்கு பீட்டர்?" என்றார் அப்பா.

"கர்த்தர் கிருபையில நல்லா இருக்கு. புது பாய்லர் போட்டோமே, நல்லா எரியுது."

"ஆமா. அது ஒண்ணாவது எரியட்டும்."

வீபே தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"நான் குத்திக் காட்டல பீட்டர். எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். போன வருஷம் பூரா ஜெபம் பண்ணிக்கிட்டே எதையோ யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வாய் பாட்டுக்கு ஜெபிச்சுது, நான் பாட்டுக்கு இருந்தேன்." அப்பா மூச்சு வாங்கினார். "என் அடக்கத்துல மனந்திரும்ப அழைப்புக் குடு. ஒரு தரம் கேட்டுட்டு சூப் குடிக்கப் போயிடக் கூடாது. மூணு தரம் கேக்கணும். நாங்க மூணு தரம் கேப்போம்."

"மைனஸ் இருபத்தெட்டு வரைக்கும் போகும்னு சொல்றாங்க. பெரியவங்க எல்லாம் வெட்டவெளியில..."

"நரகம் கதகதப்பா இருக்கும்னு அவங்களுக்குச் சொல்லு."

வீபே சிரித்தார். பிறகு சிரிக்கலாமா என்று நேத்தாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்து போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

வெளிப்படையாகக் கூட முடியாத காலத்தில் அடக்கம் ஒன்றுதான் அவர்களுக்கு வாய்த்த பொதுக்கூட்டம். சவப்பெட்டியைச் சுற்றி நிற்பவர்களைப் போலீஸ்காரர்கள்கூட உடனே கலைக்கமாட்டார்கள். எனவே ஒவ்வொரு சாவிலும் பிரசங்கம் நடக்கும். பிரசங்கத்தின் முடிவில் அழைப்பு வரும். யாராவது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து முழங்காலில் விழுவார். ஒரு சாவுக்கு ஒரு பிறப்பு என்பார்கள்.

விசுவாசியாக நேத்தா பிறந்ததும் அப்படித்தான். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பெரியத்தையின் சவப்பெட்டி இதே அறையில்தான் இருந்தது. மூப்பர் அழைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கணப்படுப்பின் கதவு இடுக்கிலிருந்து ஒரு கங்கு தெறித்துப் பாய்மீது விழுந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்தான். பாய் கருகுவதற்குள் இரண்டு எட்டு முன்னால் வைத்து, மண்டியிட்டு, கையாலேயே அதை எடுத்து அடுப்புக்குள் எறிந்தாள். விரல் வெந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது வீடு முழுக்க முழங்காலில் இருந்தது. பெண்கள் சத்தமாக அழுதார்கள். மூப்பர் அவள் தலையில் கை வைத்திருந்தார். ஜெபக்கூட்டம் நடத்தியதற்காகக் கிடைத்த மூன்று வருடச் சிறையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அப்பா, கதவோரம் நின்று, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

கங்கு எடுக்க வந்தேன் என்று அந்த நேரத்தில் யாரால் சொல்ல முடியும்? அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறு. ஞானஸ்நானத்துக்கு முன்னால் கட்டாயம். முப்பத்தைந்து வருடம் போயிற்று. பாடற்குழுவில் இரண்டாம் குரல் பாடினாள், ஞாயிறு பள்ளிக்கூடம் நடத்தினாள், நோயாளிகள் வீட்டுக்குப் போய் ஜெபித்தாள். உள்ளே யாரும் இல்லாத வீட்டுக்கு வெளியே தினமும் விளக்கு ஏற்றி வைப்பது மாதிரி.

வீபே போனபிறகு அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் கண் திறந்தார். அது தெளிவின் பார்வை இல்லை என்பது உடனே தெரிந்தது. முழங்கையை ஊன்றி, யாரும் தாங்காமலே எழுந்து உட்கார்ந்தார். விசாரணைக்கு வந்த கைதிபோல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அறை காலியாகிவிட்டது போலிருந்தது அவளுக்கு. நாற்பத்திமூன்று பேரும் ஜன்னல் வழியே தப்பிப்போய்விட்டார்கள். இப்போது அவரும் அவளும் மட்டும்.

"எழுந்து நிக்கணுமா ஐயா?"

"வேணாம். உட்காருங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"டிக். கொர்னேலியஸ். பிறந்தது முப்பத்திரண்டுல." காதில் ஏதோ கேள்வி விழுந்ததுபோல் தலையைச் சாய்த்தார். "தெரியாது ஐயா." அடுத்த கேள்வி. "ஞாபகம் இல்ல." இன்னொரு கேள்வி. "புத்தகத்தையெல்லாம் கையால எழுதினது நான்தான். நான் மட்டுந்தான்."

விசாரணையில் தன்னைப் பற்றிக் கேட்டால் அப்பா மறைக்கமாட்டார், மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்பார் என்று யாக்கோபு சித்தப்பா சொல்லியிருக்கிறார். பொய் மட்டும் சொல்லமாட்டாராம். தெரியாது என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக்கூட விடுதலையான பிறகு உபவாசம் இருந்தாராம்.

கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டாள்.

"உங்க பொண்ணு? அகநேத்தா. அவ விசுவாசியா?"

அப்பா முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இல்ல ஐயா."

"நிச்சயமா தெரியுமா?"

"அவளுக்கு விசுவாசம் கெடையாது. ஒண்ணும் கெடையாது. அடுப்புலேருந்து கங்கு விழுந்துச்சு, எடுக்கப் போனா. அவ்வளவுதான். சின்னப் பொண்ணு. அவளை விட்டுடுங்க."

பிறகு தலையணையில் சாய்ந்தார். சமையலறையில் ரௌஷான் ஏதோ சொல்ல எரிகா சிரித்தாள். அவரை நிஜமாக விசாரித்தபோது நேத்தாவுக்கு ஆறு வயது. கங்கு விழுந்தது அதற்கு ஒன்பது வருடம் கழித்து. கதவோரம் நின்றவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தாரா? பார்த்துவிட்டுத்தான் அழுதாரா? இல்லை, மகளைக் காப்பாற்ற வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யைத் தேடிப் பிடித்தாரா?

"அப்பா," என்றாள். "நான் நேத்தா. இங்க பாருங்க. அதிகாரி போயிட்டாரு."

அவர் திரும்பி வரவில்லை. ஐந்து மணிக்கு, ஜன்னல் நீலமாகிக்கொண்டிருந்தபோது, மூச்சு ஒரு தடவை தாமதித்தது. பிறகு இன்னும் கொஞ்சம் தாமதித்தது. அப்புறம் அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

உடலைக் கழுவத் தீனா அத்தையும் இன்னொரு சகோதரியும் வந்தார்கள். தீனா அத்தை ஜெபம் செய்தாள். முடியும் இடத்தில் நேத்தாவின் வாய் தானாகவே ஆமென் சொல்லத் திறந்தது. அவள் அதை மூடிக்கொண்டாள். அத்தை கண் திறந்து ஒருமுறை பார்த்தாள். துக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். அடுத்த இரண்டு நாளும் நேத்தா பாடவில்லை, ஜெபிக்கவில்லை. யாராவது பாட ஆரம்பித்தால் பாத்திரம் கழுவப் போனாள். அப்பாவின் அறைக்குள் போனால் மட்டும் சுவரோரமாகவே நடந்தாள். அவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நாற்பத்திநான்கு பேர்.

மூன்றாம் நாள் மதியம் அடக்கம். உறைந்த மண் இளகுவதற்காக முந்தின நாளிலிருந்தே ரௌஷானின் புருஷனும் மகன்களும் குழி தோண்டும் இடத்தில் பழைய டயர்களை எரித்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்கு நடுவே அந்த இடம் மட்டும் கறுத்து, ரப்பர் நாற்றத்தோடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வாடகைக்குப் பிடித்த பேருந்து இன்ஜினை அணைக்காமல் நின்றது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். வந்தவர்கள் காலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு, பேருந்தின் ஆவி படிந்த ஜன்னல்களைப் பார்த்தார்கள். ஜெர்மனியிலிருந்த தன் அண்ணனுக்குக் காட்டுவதற்காக எரிகா கையுறையைக் கழற்றிவிட்டு போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீபே சுருக்கமாகப் பேசினார். பிறகு சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்.

"இங்க யாராவது இன்னைக்குக் கர்த்தர்கிட்ட மனந்திரும்ப விரும்பினா, முன்னால வாங்க."

காற்று மட்டும் வந்தது.

"யாராவது இருக்கீங்களா?" அடுத்த நிறுத்தம் எது என்று கேட்கிற தொனியில் இரண்டாம் தரம் கேட்டார். எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்கள். இருப்பவர்கள் அத்தனை பேரும் விசுவாசிகள், ரௌஷானின் வீட்டாரைத் தவிர. யார் வருவது? ஒருவர் இருமினார். டிரைவர் ஹாரனை லேசாகத் தட்டினார்.

மூன்றாம் தரம் கேட்பதற்கு முன்னால் வீபே பெட்டிக்குள் இருந்த முகத்தை ஒருமுறை பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, குரல் மாறியது. மெதுவாக, ஏறக்குறைய கெஞ்சுவதுபோல், "ஒருத்தர்கூட இல்லையா?" என்றார்.

நேத்தா நடந்தாள். மகள்தானே, கடைசி முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் பெட்டியைத் தாண்டிப் போய், வீபேயின் பூட்ஸுக்கு முன்னால், முழங்காலில் இறங்கினாள்.

"ஐயோ, வழுக்கிருச்சு! பிடிங்க, பிடிங்க!" ரௌஷான் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்தாள்.

"நான் விழல ரௌஷான். விடு."

வீபே குனிந்தார். அவர் மூச்சு அவள் சால்வையில் பட்டது. "சகோதரி," என்றார் தணிந்த குரலில், "நீங்கதான் ஏற்கெனவே சபையில இருக்கீங்களே."

"ஆமா. முப்பத்தஞ்சு வருஷமா."

"அப்ப..."

"நீங்க கேட்டீங்கல்ல? அதான் வந்தேன்."

ஒரு விசுவாசியின் தலையில் கை வைத்து எதற்காக ஜெபிப்பது? வீபேயின் கை பாதி வழி வந்து அந்தரத்தில் நின்றது. பின்னாலிருந்து யாரோ, "பாவம், அப்பா போன அதிர்ச்சி," என்றார்கள். யாரோ, "பேருந்துக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார்கள்.

நேத்தா கண்ணை மூடினாள். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் போகச் சொன்னாள். கடைசி வார்த்தையும் போனபிறகு உள்ளே அகலமாக, இருட்டாக, குளிராக ஓர் இடம் இருந்தது. அவள் இதுவரை அதன் வாசலில்கூட நின்றதில்லை.

"நான் இங்க இருக்கேன்," என்றாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

முழங்காலுக்குக் கீழே இளகிய மண்ணின் ஈரம் துணியைத் தாண்டி ஏறியது. பேருந்தின் இன்ஜின் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது வலது பக்கத்தில், ஓர் எட்டு தள்ளி, பனி நெரிபடும் சத்தம் கேட்டது. யாரோ கனமாக முழங்காலை ஊன்றுகிற சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் பின்னால், இன்னொரு சத்தம்.