இருபது அடி மதில்

கட்டர் பிளேடு வழுக்கி விரலைக் கீறியது. அவள் நிமிரவில்லை. நகரசபைத் தலைவர் லிஃப்டில் ஏறிவிட்டதாகக் கீழேயிருந்து தகவல் வந்தாயிற்று. மேஜைமேல் இருந்த புதிய நகரசபைக் கட்டடத்தின் மாதிரியைச் சுற்றி ஓடிய அட்டை மதிலில், அறுத்தெடுக்க இன்னும் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. ஜன்னல்களைக் காலையிலேயே வெட்டித் திறந்துவிட்டிருந்தாள்.

"அறுத்தே எடுத்துட்டியா?" வாசலில் வந்து நின்றார் கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் முதலாளி. "இந்த வேலை போச்சுன்னா உன்னை வேற எந்தக் கம்பெனியும் சேர்க்காதும்மா."

"தெரியும் சார்."

அவர் தன் பழைய பல்லவியைத் தொடங்கினார். ராஜா காலத்தில் கோபுரம் கட்டினார்கள். பணம் கொழித்த காலத்தில் கண்ணாடி மாளிகை. இது பயப்படுகிற காலம். பழைய நகரசபைக்குள் கூட்டம் சுவரேறிக் குதித்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இருபது அடி மதில், ஒரே வாசல், ஜன்னல் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் கேமரா. காலம் கேட்பதைத்தானே நாம் கட்ட முடியும் என்றார்.

"காலம் பயந்தா நானும் கை நடுங்கி வரையணுமா சார்? மேல ரெண்டு பீரங்கியையும் வெச்சுட்டா கோட்டையே ஆயிடும்."

கடைசிப் பக்கத்தையும் அறுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். லிஃப்ட் கதவு திறந்தது. தலைவர் இடது காலை இழுத்தபடி உள்ளே வந்தார். கார் விபத்தில் போன கால் என்று மேடைக்கு மேடை சொல்லுவார். மாதிரியை ஒரு சுற்று சுற்றினார். மதில் இருந்த இடத்தில், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய அகலமான படிகளை அவள் ஒட்டிவைத்திருந்தாள்.

"மதில் எங்க?"

"குப்பைத்தொட்டியில இருக்கு தலைவரே."

முதலாளி கண்களை மூடிக்கொண்டார். தலைவர் நிதானமாகவே பேசினார். மதில் இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை. நாளைக்கே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

"கூட்டம்னா என்னன்னு உனக்கு என்னம்மா தெரியும்?" என்றார் கடைசியில்.

அவள் விரல் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் மதில் இருந்துச்சே. தண்ணி கேட்டு வாசல்ல நின்னு தொண்டை வறளக் கத்தினோம். ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலை. அப்புறம்தான் ஏறினோம்."

"ஏறினோமா?"

"முதல்ல ஏறினவர் முகத்துல துணி கட்டியிருந்தார். மதில் உச்சியில அது அவிழ்ந்துடுச்சு. அந்தப் பக்கம் குதிச்சதுலதான் அவர் கால் போச்சு, கார்ல இல்ல."

தலைவரின் கை மேஜை விளிம்பைப் பற்றியது.

"ஏறுறதுக்கு நீங்க மிதிச்சது இந்தத் தோளைத்தான் தலைவரே."