ஐந்தாம் கேட்டில் மீன்குழம்பு

காரியவட்டம் ஸ்டேடியத்தின் ஐந்தாம் கேட்டுக்கு எஸ்.ஐ. ஷிஜா போட்ட பாதுகாப்புத் திட்டம் பதினோரு பக்கம். பெண்கள் மட்டும் நுழையும் வாசல் அது. நாலு வரிசை, நாலு சோதனை மேசை, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தனி வழி. மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து எழுதியது. சனிக்கிழமை பன்னாட்டு மகளிர் கிரிக்கெட் ஆட்டம். முப்பதாயிரம் பேர் வரப்போகிறார்கள் என்று நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. பயம் இல்லை, அத்தனையும் சந்தோஷம்.

இடையில் வியாழக்கிழமை ஒத்திகை என்று ஒரு கண்டம் இருந்தது. டி.சி.பி. கோமதிநாயகம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஆரோ ஒருத்தர் கையில டம்மி பாக்கெட் குடுத்து விடுவேன். ஆருன்னு சொல்ல மாட்டேன். ஒரு மணிக்குள்ள அது உன் கேட் வழி உள்ள போச்சுன்னா, சனிக்கிழமை உனக்கு பார்க்கிங் டியூட்டி. இப்பமே பறஞ்சாச்சு."

பார்க்கிங்காவது! தன் திட்டத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, பைக்குகளுக்கு விசில் ஊதிக்கொண்டு நிற்பதா? ஷிஜா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். கூட்டமாக நடிக்க வந்த கல்லூரிப் பெண்களைப் படாத பாடு படுத்தினாள். குடைகளை விரிக்கச் சொன்னாள். பவுடர் டப்பாவைக்கூட விடவில்லை. பாக்கெட் சிக்கவில்லை. மணி பன்னிரண்டே முக்கால் ஆயிற்று.

அப்போதுதான் சரோஜம் வந்தாள். ஷிஜாவின் அம்மா. மைதானத்து வேலைக்காரர்களுக்குச் சோறு உள்ளேயே வேகும். மீன்குழம்பு மட்டும் சரோஜத்தின் அடுப்பிலிருந்து தூக்குவாளியில் வரும். பத்து நாளாக இதே கேட், இதே நேரம். மகளைக் கண்டதும், போலீஸ்காரிகள் அத்தனை பேர் முன்னாலும், "சாப்ட்டியா மக்களே?" என்று கேட்டு மானத்தை வாங்காமல் போகமாட்டாள்.

இன்று பாஸைக் காட்டினாள், சிரித்தாள். "பயங்கர வெயிலு, இல்லியா?" என்றாள். கான்ஸ்டபிள் ஜிஷா வழிவிட்டாள். ஷிஜாவும் தலையாட்டினாள்.

சரோஜம் நாலு எட்டு வைத்திருப்பாள். ஷிஜாவின் வயிறு கடமுடவென்றது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. சட்டென்று உறைத்தது. இன்னும் யாருமே தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை!

"அம்மா, அங்கயே நில்லு!"

"நேரமாச்சு மக்களே. கொளம்பு ஆறிப்போவும்."

"தூக்குவாளியத் தெற."

"பெத்த அம்மையையா சோதிக்க?"

ஜிஷா பதறினாள். "மேடம், அது நம்ம ஆன்ட்டிதானே!"

"பதினோரு பக்கத்துல ஆன்ட்டிக்குன்னு தனி வரிசை போடல்ல," என்றாள் ஷிஜா.

மூடியைத் திறந்து கரண்டியை விட்டாள். டக். மூன்று சுற்று பிளாஸ்டிக்கில் பொதிந்த பாக்கெட், குழம்பு சொட்டச் சொட்ட மேலே வந்தது.

ஐந்தாம் கேட்டே கூச்சலிட்டது. கல்லூரிப் பெண்கள் விசிலடித்தார்கள். சீருடையை மறந்து ஷிஜா ஒரு குதி குதித்தாள். சரோஜத்துக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது.

"சாருக்கு வாக்கு குடுத்திட்டேன் பாத்துக்கோ. ஜெயிச்சிரலாம்னுதான் இருந்தேன்," என்றாள்.

கோமதிநாயகம் படிவத்தோடு வந்தார். அதில், சந்தேகத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம். ஷிஜா பேனாவைக் கடித்து யோசித்து, 'வழக்கமான விசாரணை நடைபெறவில்லை' என்று எழுதினாள்.

"என்ன விசாரணை? ஆரு விசாரிக்கணும்?" என்றார் அவர்.

ஷிஜாவுக்குக் காது சிவந்துவிட்டது. எப்படிச் சொல்வாள்? சரோஜம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கே. சாப்ட்டியா மக்களே?"

கோமதிநாயகம் படிவத்தைப் பார்த்தார், சரோஜத்தைப் பார்த்தார். பிறகு சனிக்கிழமை டியூட்டிப் பட்டியலை எடுத்து, ஐந்தாம் கேட்டுக்கு நேராக ஷிஜாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.